கோடையில் ஈரம் தேடுபவை

சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் தொடங்கும்போது வாய்க்கால் வரப்பெல்லாம் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும். வீட்டுக்குள் மட்டும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும், குளியலறை மூலையிலும், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டிலும் ஈரம் மாறாமல் இருக்கும். கோடையில் பூச்சிகள் ஏன் வீடு தேடி வருகின்றன என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. சிந்திய சர்க்கரையை உடனே துடைத்துவிடுகிறோம். இரவு முழுக்கச் சொட்டும் குழாயைப் பொருட்படுத்துவதில்லை. பூச்சிக்குச் சர்க்கரையைவிட அந்தச் சொட்டுதான் முக்கியம்.

வெயிலுக்குப் பூச்சி பெருகும் என்பதும் உண்மைதான். பூச்சிகளால் நம்மைப் போல உடல் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்ள முடியாது. காற்று சூடானால் அவற்றின் உடம்பும் சூடாகும், உள்ளே நடக்கும் வேதிவினைகள் எல்லாம் வேகமெடுக்கும். வீட்டு ஈயின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறப்பதற்கு 16 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 30 டிகிரிக்கு மேலே போனால் ஏழு முதல் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். மாம்பழமும் பலாப்பழமும் வந்து குவியும் மாதங்களில் தோலும் சக்கையும் பத்து நாள் குப்பைக் கூடையில் கிடந்தால், ஒரு தலைமுறை ஈ அங்கேயே பிறந்து வளர்ந்து பறந்துவிடும். ஈரக் குப்பையை வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டை விட்டு அனுப்பச் சொல்வதன் அடிப்படை இந்த நாள் கணக்குதான். புழு ஈயாவதற்குள் அதன் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு ஈ மட்டையோடு அலைவதில் பயனில்லை.

பூச்சியை வேகமாக வளர்க்கும் அதே வெப்பம் அதன் உயிரையும் வற்றடிக்கிறது. உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடைக்குத் தகுந்த மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். ஓர் எறும்புக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு சொட்டுகூட வராது. அந்தக் கொஞ்சத் தண்ணீரும் ஆவியாகிப் போக உடம்பின் எல்லாப் பக்கமும் வழியிருக்கிறது. அந்த வழியை அடைத்து வைத்திருப்பது ஓட்டின் மேல் பூசியிருக்கும் மிக மெல்லிய மெழுகுப் படலம். 1935-இல் ஜே. ஏ. ராம்சே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் கரப்பான்பூச்சியின் உடம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்று வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து பார்த்தார். சுமார் 30 டிகிரி வரை இழப்பு மெதுவாகத்தான் கூடியது. அதற்கு மேல் சட்டென்று ஏறியது. மெழுகின் கட்டு அந்த வெப்பத்தில் தளர்ந்துவிடுகிறது. 30 டிகிரி என்பது நமக்கு மார்கழிப் பகல். கத்திரியில் மொட்டை மாடியின் தரையும், கல் பாவிய முற்றமும், தகரக் கூரையும் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். அந்த நேரத்தில் வெளியே இருக்கும் கரப்பானுக்கு நிழலும் ஈரமும் உள்ள ஒரு பிளவு உயிர்ப் பிரச்சினை.

ஜெர்மன் கரப்பான் என்னும் சிறு கரப்பானைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வழியில்லாமல் அடைத்து வைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். தண்ணீர் மட்டும் கொடுத்தால், ஒரு பருக்கை உணவில்லாமலேயே ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். இரவில் அடுப்படியைத் துடைத்துப் பாத்திரங்களை மூடிவைத்துவிட்டுத் தொட்டியை ஈரமாக விட்டுப் படுக்கப் போகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். கடைசிப் பாத்திரம் கழுவியானதும் தொட்டியை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரையும் அந்தத் துணியையும் பிழிந்து கொடியில் போட இரண்டு நிமிடம் போதும். நான் அறிந்த பூச்சித் தடுப்பு முறைகளில் செலவே இல்லாததும் பலன் அதிகம் தருவதும் இதுதான்.

எறும்புக்கு வருவோம். சுவரோரம் ஒழுங்காகப் போகும் சாரையின் ஒழுங்கு தரையில் பூசப்பட்ட வாசனையால் வருவது. 1950களின் இறுதியில் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க எறும்பியலாளர், செந்நிறத் தீ எறும்பின் வயிற்றுக்குள் இருக்கும் கண்ணுக்கு எட்டாத ஒரு சுரப்பியைப் பிரித்தெடுத்து நசுக்கி, கண்ணாடியின் மேல் ஒரு கோடாக இழுத்தார். உணவு எதுவும் இல்லாத அந்தக் கோட்டின் மேல் எறும்புகள் திரண்டு ஓடின. உணவோ நீரோ கண்டுபிடித்த எறும்பு வீடு திரும்பும்போது வயிற்றைத் தரையில் தொட்டுத் தொட்டு இந்த வாசனையை இட்டுக்கொண்டே போகும். பின்னால் வருபவை அதன் மேல் மேலும் பூசும். வந்த இடத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் பூச்சு நின்று, வாசனை ஆவியாகி, சாரை தானாகக் கலைந்துவிடும்.

ஆகவே சாரையைப் பார்த்ததும் அது எங்கே போய் முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கோடையில் பெரும்பாலும் குழாயடியிலோ, தண்ணீர் வடிகட்டியின் அடியிலோ, செடித் தொட்டியின் கீழ்த்தட்டிலோ முடியும். அங்கே காயவைத்துவிட்டு, சாரை வந்த வழி நெடுக சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் துடைத்தால் எண்ணெய்ப் பசை உள்ள அந்த வாசனை முழுதாகப் போகாது. சுவரில் நுழைந்த ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிட்டால் அந்த வழி முடிந்தது.

பிள்ளையார் எறும்பு என்று நாம் தொந்தரவு செய்யாமல் விடும் கறுப்பு எறும்பும், கடித்தால் தடித்துப்போகும் சிவப்பெறும்பும் பெரும்பாலும் வெளியே கூடு வைத்து உள்ளே வந்து போகிறவை. இவற்றுக்கு மேலே சொன்னது போதும். வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடும் எறும்பு வேறு. மஞ்சள் நிறத்தில் 2 மி.மீ. நீளமே இருக்கும் பாரோ எறும்பு, சுவிட்ச் பெட்டிக்குள்ளும், கதவு நிலைக்குப் பின்னாலும், துணி அலமாரியின் மடிப்புகளிலும் கூடு வைக்கும். ஒரு கூட்டில் ராணிகள் பல இருக்கும். இதன் மேல் மருந்து அடித்தால் கூடு அழிவதற்குப் பதில் பிளக்கிறது. ராணிகள் சிலவும் வேலைக்காரிகள் சிலவும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்ப் புதுக் கூடு போடும். ஒரு கூடு இருந்த வீட்டில் அடுத்த மாதம் நான்கு கூடுகள் இருக்கும். எறும்புச் சாக்பீஸ் கோடும் இந்த எறும்பிடம் அதையேதான் செய்கிறது.

இவற்றுக்குத் தேவை மெதுவாகக் கொல்லும் இரை. எறும்புகள் உண்டதை வாயோடு வாய் வைத்து ஒன்றுக்கொன்று ஊட்டும். வேலைக்காரி தின்றது புழுவுக்கும் ராணிக்கும் போய்ச் சேரும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைத்தால் போதும். கேரம் பலகையில் தூவிய போரிக் பவுடர் பலருக்குப் பழக்கம், மருந்துக்கடையில் கிடைக்கும். அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போகாது. ஆகையால் வீரியம் குறைவாக இருப்பதுதான் இங்கே பலம். மொய்க்கும் எறும்பைக் கலைக்காமல் இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

பாட்டி காலத்து முறை ஒன்று இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இனிப்புப் பாத்திரத்தை நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைப்பார்கள், அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். நல்ல முறைதான். நீரின் மேல் தூசி படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்துவிடும், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து எறும்பு அமிழ்ந்துபோகும். ஆனால் அந்தக் கிண்ணத்தை வாரக்கணக்கில் மாற்றாமல் விட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். தென்கிழக்காசிய வீடுகளில் இந்த எறும்புக் கிண்ணங்கள் ஏடிஸ் பெருகும் இடங்களாகப் பலமுறை பதிவாகியிருக்கின்றன. ஒரு பூச்சிக்கு வைத்த தடை இன்னொன்றுக்குத் தொட்டிலாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய சிவந்த கரப்பான் வரும் வழி வேறு. சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும்தான் அதற்கு ஊர். குளியலறையின் சல்லடை மூடிக்குக் கீழே, பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் எப்போதும் சுமார் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். சாக்கடையின் நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்த நீர்தான். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அதிகம் புழங்காத விருந்தினர் குளியலறையிலும் பல நாள் தண்ணீர் விடுவதில்லை. கோடை வெப்பத்தில் அந்த 50 மி.மீ. நீர் சில வாரங்களில் வற்றிவிடும். பிறகு சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தடையே இல்லை. ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும் இரவில் குளியலறையில் கரப்பான் ஓடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கிளம்பும் முன் ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் போனால் எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுக் குழாயைச் சல்லடையை எடுத்துவிட்டு அப்படியே உள்ளே செருகி வைத்திருப்பார்கள். அந்தக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைக்க வேண்டும்.

எவ்வளவு சிறிய இடைவெளி வரை அடைக்க வேண்டும்? இதற்குக் கச்சிதமான விடை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கௌசிக் ஜெயராமும் ராபர்ட் ஃபுல்லும் பெரிய கரப்பானை வெவ்வேறு உயரமுள்ள பிளவுகளுக்குள் ஓடவிட்டு அதிவேகக் கேமராவால் படம் பிடித்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நிமிர்ந்து நிற்கும்போது உள்ள உயரத்தில் கால்வாசியான 3 மி.மீ. பிளவுக்குள் அது தன்னை நசுக்கிக்கொண்டு, ஏறத்தாழ ஒரே நொடியில் நுழைந்துவிடுகிறது. தன் எடையைப்போல 900 மடங்கு அழுத்தத்தைத் தந்தபோதும் அதற்குக் காயமில்லை. ஓடு ஒரே துண்டாக இல்லாமல், வளையும் சவ்வுகளால் கோத்த தட்டுகளாக இருப்பதால் இது முடிகிறது. 3 மி.மீ. என்பது ஏறத்தாழ இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய தடிமன். வாசல் கதவின் அடியில் இரண்டு நாணயம் நுழைந்தால் கரப்பானும் நுழையும். கதவின் அடியில் ரப்பர் பட்டை அடிக்கவும், குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் வாய்களைப் பூசவும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் அரைநாள் வேலை.

கரப்பான் இருக்கும் வீட்டில் சில நேரம் ஒரு கறுப்புக் குளவியைப் பார்க்கலாம். மெல்லிய காம்பில் தொங்கும் சின்ன வயிற்றைக் கொடி அசைப்பதுபோல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடக்கும். பார்த்ததும் அடித்துவிடுகிறார்கள். அது நம்மைக் கொட்டுவதில்லை. பெரிய கரப்பான் பிளவுகளில் ஒட்டிவிட்டுப் போகும் முட்டைப் பையைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் தன் ஒரு முட்டையை வைப்பது அதன் வேலை. அதிலிருந்து வரும் புழு, பைக்குள் இருக்கும் பதினைந்து சொச்சம் கரப்பான் முட்டைகளையும் தின்று தீர்த்துவிட்டுக் குளவியாக வெளியே வரும். அந்தக் குளவி தென்பட்டால் பக்கத்தில் எங்கோ கரப்பான் பெருகுகிறது என்று பொருள். தேட வேண்டியது கரப்பானை. குளவியை விட்டுவிடுங்கள். சுவரில் கைவிரித்ததுபோல் உட்கார்ந்திருக்கும் பெரிய தட்டைச் சிலந்தியும் இரவில் கரப்பானைப் பிடித்துத் தின்னும். அதையும் துடைப்பத்தால் விரட்ட வேண்டியதில்லை.

இனி கொசு. இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் கொசு வராது என்று நம்பி, வீட்டுக்குள்ளேயே கொசு வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம்.

1883-இல் பெங்களூரில் படை மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ் என்ற இளைஞர் தன் பங்களாவில் மட்டும் ஏன் இவ்வளவு கொசு என்று தேடினார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டித் தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள் செகந்திராபாத்தில் அவர் கண்டுபிடித்துப் புகழ்பெற்றது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1897-இல். நோயைப் பற்றிய அறிவு வருவதற்கு முன்பே கொசுவை எங்கே தேடுவது என்ற அறிவு அவருக்கு அந்தத் தொட்டியில் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் கோடைக் கொசுவின் கதை தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு பிணைந்தது. 2019 ஜூன் மாதம் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டபோது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற குடங்களை நாடே பார்த்தது. லாரி எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் டிரம், அண்டா, வாளி, குடம் எதுவும் காலியாக இருக்காது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரைவிட, கோடையில் வீட்டுக்குள் சேமிக்கும் நீரையே ஏடிஸ் கொசு நம்பியிருக்கிறது. தண்ணீரைச் சேமிக்கும் மக்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் யாரும் டிரம்மில் பிடித்து வைக்கப் போவதில்லை. ஆனால் சேமித்தே ஆக வேண்டிய வீட்டில் இந்தக் கொசுவின் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும். அது முட்டைகளைத் தண்ணீரில் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். கரும்புள்ளி அளவுள்ள அந்த முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அவற்றைத் தொட்டதும் பொரியும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொசு. டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அப்படியே மறுபடி நிரப்பினால் முட்டைகள் ஒட்டிய இடத்திலேயே இருக்கின்றன. உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும். வாரம் ஒரு நாள் இதைச் செய்துவிட்டு வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிவைத்தால் கொசுவின் கணக்கு முடிவதற்குள் நம் கணக்கு முந்திவிடும்.

கண்ணில் படாத நீர் இன்னும் ஆபத்தானது. பிரிட்ஜின் பின்புறம் கீழே ஒரு தட்டில் பனி உருகிய நீர் சேரும். அப்படி ஒரு தட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏர்கூலரின் தொட்டி, மணி பிளான்ட் வைத்த பாட்டில், கொல்லையில் பயன்படாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர் எல்லாமே ஏடிஸுக்கு ஏற்றவை. இந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். உங்களைப் பகலில் கடிக்கும் வரிக் கால் கொசு உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும். இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸ் வேறு வகை. அது அழுக்கு நீரில், குறிப்பாகக் கழிவுநீர்த் தொட்டியில் பெருகும். தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலையை இறுக்கிக் கட்டினால் அந்த வழி அடைபடும், நூறு ரூபாய்கூட ஆகாது. மாடித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் சரியான மூடி வேண்டும், சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சை கொசுவுக்கு அவைதான் பிறப்பிடம்.

இதற்கெல்லாம் பிறகு வலை. ஏடிஸ் காலையிலும் மாலை சாய்வதற்கு முன்பும் அதிகம் கடிக்கும், மற்ற இரண்டும் இருட்டிய பின் வரும். ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தும் வழக்கம் ஒரு பாதியைத்தான் தடுக்கிறது. நம் மூச்சில் வரும் கரியமில வாயு கொசுவைத் தொலைவிலிருந்து இழுக்கிறது. நெருங்கியதும் தோலின் மணமும் சூடும் வழிகாட்டுகின்றன. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பத்தை ஏடிஸ் சுமார் 70 செ.மீ. தூரத்திலிருந்தே உணர்கிறது என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மின்விசிறி சூட்டைத் தணிப்பதோடு மூச்சுக் காற்றையும் கலைத்துவிடுகிறது. அதோடு அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்கு வலுவில்லை. தூளிக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொசுவலையும் விசிறியும் போதும், சுருள் வேண்டாம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் 2.5 மைக்ரானுக்குச் சிறிய நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். மூடிய அறையில் கைக்குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றி வைக்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். ஒலி எழுப்பிக் கொசு விரட்டும் கருவிகளைப் பற்றிய கள ஆய்வுகள் பத்தையும் 2007-இல் ஒன்றாக மதிப்பிட்டபோது கடி குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு ஜன்னல் வலை வாங்கலாம்.

கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் மாலையில் ஈசல் வரும். மழை தணித்த ஈரக் காற்றில்தான் கரையான் புற்றிலிருந்து சிறகு முளைத்தவை வெளியேறும், காய்ந்த காற்று அவற்றின் மெல்லிய உடம்புக்கு ஆகாது. விளக்கைச் சுற்றி அவை ஏன் சுழல்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் அண்மையில்தான் கிடைத்தது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலானோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பறக்கும் பூச்சிகள் பலவும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிப் பறப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். விளக்கு இல்லாத உலகில் வெளிச்சம் எப்போதும் வானத்தின் பக்கம், முதுகை அங்கே காட்டினால் நேராகப் பறக்கலாம். விளக்குக்குப் பக்கத்தில் அதே பழக்கம் பூச்சியைச் சாய்த்துச் சாய்த்து வட்டத்துக்குள் சிக்கவைக்கிறது. மழை விட்ட மாலையில் உள்விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து, வாசலிலிருந்து தள்ளி வெளியே ஒரு விளக்கைப் போட்டால் ஈசல் அங்கேயே நின்றுவிடும். வாசல் விளக்கு வெள்ளையாக இருப்பதைவிட மஞ்சளாக இருந்தால் பூச்சி குறைவு. சில ஊர்களில் அந்த வெளி விளக்கின் கீழே பாத்திரம் வைத்து ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்பார்கள்.

சிறகில்லாத கரையானும் ஈரத்தின் அடிமைதான். சுவரில் அது கட்டும் மண் குழாய், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கான பாதை. குழாயைக் கலைப்பதோடு நிற்காமல், அந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் குழாய் கசிகிறது என்று பாருங்கள்.

ஈரம் தேடாத பூச்சி ஒன்று உண்டு. அரிசி டப்பாவில் ஓடும் வண்டுக்குக் குடிக்கத் தண்ணீர் தேவையில்லை. தானியத்தில் உள்ள சிறிது ஈரமும், மாவுச்சத்தைச் செரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகும் நீரும் அதற்குப் போதும். பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடையில் வாங்கும்போதே முட்டை உள்ளே இருக்கலாம், சுமார் 30 டிகிரியில் ஏறத்தாழ 35 நாளில் வண்டாக வெளிவரும். வீட்டுக் கதவை அடைத்துப் பயனில்லாத இடம் இது. வாங்கிய அரிசியைச் சிறிய பைகளாக்கி நான்கு நாள் ஃப்ரீசரில், −18 டிகிரியில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். அரிசியைக் கடும் வெயிலில் காயப்போட்டால் வெடித்து உடையும், நிழலில் உலர்த்தினால் வண்டு கலைந்து ஓடும். ஆனால் அரிசிக்குள் இருக்கும் புழு அப்படியே இருக்கும். வசம்பைத் தட்டிப் போடுவது வெறும் நம்பிக்கையல்ல. அதில் உள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் தானிய வண்டுகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்கிறது. உண்ணும் தானியத்தோடு கலந்துவிடாமல் துணியில் முடிந்து போட வேண்டும். பயறு வண்டு முட்டையை விதையின் மேலேயே ஒட்டும் என்பதால், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைப் புரட்டி வைத்தால் முட்டை மூச்சடைத்துப் போகும்.

விதைப் பயற்றில் அடுப்புச் சாம்பல் கலந்துவைக்கும் பழைய முறைக்கும் அறிவியல் இருக்கிறது. தூளின் மேல் நகரும் பூச்சியின் மெழுகுப் படலம் சிராய்ந்து, உடம்பின் தண்ணீர் ஒழுகிப்போகிறது என்று 1940களில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியலாளர் நிறுவினார். ராம்சே வெப்பத்தால் கண்டதை இவர் உராய்வால் கண்டார். சேமிப்பில் பூச்சி விழுந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறிய, கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக் குழாய்ப் பொறி உதவும். அதைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றோட்டத்தை நாடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கீழே உள்ள குப்பிக்குள் விழும். கல்யாண வீட்டுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி வைப்பவர்களுக்கு இது நல்ல முதலீடு.

கடைசியாகச் சமையலறையின் சின்னக் கரப்பான். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767-இல் ஜெர்மன் என்று பெயர் சூட்டிய இந்தப் பூச்சியின் மரபணுக்களை உலகெங்கும் சேகரித்து ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. அதன் மூதாதை சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்ததாம். மனிதக் குடியிருப்புக்கு வெளியே இது வாழ்வதே இல்லை. சாக்கடை வழியே வருவதும் குறைவு, அட்டைப் பெட்டியிலும், மளிகைப் பையிலும், பழைய மிக்ஸியின் அடியிலும் ஒளிந்துகொண்டு நாமே தூக்கிவர வீட்டுக்குள் வருகிறது. பெண், முப்பது நாற்பது முட்டைகள் உள்ள பையைப் பொரியும் தறுவாய் வரை உடம்பிலேயே சுமக்கும். அதனால் கடைச் சாமான் வந்த அட்டைப் பெட்டியைச் சமையலறைக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே பிரித்துவிட வேண்டும்.

இந்தக் கரப்பானுக்கு ஜெல் இரையே சிறந்த மருந்தாக இருந்து வந்திருக்கிறது. சர்க்கரையும் விஷமும் கலந்த இரை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜூல்ஸ் சில்வர்மன் என்ற பூச்சியியலாளர், சில கரப்பான்கள் இந்த இரையைத் தொடாமல் விலகுவதைக் கவனித்தார். அவை வெறுத்தது விஷத்தை அல்ல, குளுக்கோஸை. இருபது ஆண்டுகள் கழித்து 2013-இல் அயாகோ வாடா-கட்சுமாட்டாவும் சில்வர்மனும் கோபி ஷாலும் அதன் காரணத்தைக் காட்டினார்கள். அந்தக் கரப்பான்களின் வாய்ப்பகுதி நரம்பில் கசப்பை உணரும் செல்லே குளுக்கோஸுக்கும் துடித்தது. அவற்றுக்குக் குளுக்கோஸ் கசக்கிறது. இரையைத் தின்றவை செத்தன, கசப்பென்று துப்பியவை பிள்ளை பெற்றன, சமையலறை அலமாரிகளுக்குள்ளேயே ஒரு பரிணாமம் நடந்து முடிந்துவிட்டது. பிறகு உற்பத்தியாளர்கள் வேறு சர்க்கரைகளுக்கு மாறினார்கள்.

ஆகவே ஒரே ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைக்காமல், சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு விஷப்பொருளும் வேறு இரையும் உள்ளதாக மாற்ற வேண்டும். பயறு அளவுப் புள்ளிகளாக அலமாரிக் கீலின் உட்புறத்திலும், தொட்டிக்குக் கீழே குழாய் நுழையும் இடத்திலும், கேஸ் அடுப்பின் பின்சுவர் ஓரத்திலும் வைப்பது நல்லது. வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது, மருந்து வாசனை பட்ட இரையைக் கரப்பான் தொடாது. தொட்டியை ஒற்றி எடுத்து, சிந்திய சோற்றைக் கூட்டி, குப்பைக் கூடையை மூடிய பிறகு, இரவு விளக்கை அணைப்பதற்கு முன் வைப்பதுதான் சரியான நேரம்.